நிற்காத முத்திரை: ரத்தப் புற்றுநோயும் ஒரு புரதத்தின் வடிவமும்

ரத்தப் புற்றுநோய் என்ற பெயரைக் கேட்டாலே நம் வீடுகளில் பேச்சு சட்டென்று தணிந்துவிடுகிறது. பழைய சினிமாக்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். டாக்டர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே 'பிளட் கேன்சர்' என்று சொல்லிவிட்டால், இனி ஒரு சோகப் பாட்டுதான் பாக்கி என்று தியேட்டரில் எல்லோருக்கும் புரிந்துவிடும். அந்தக் காலத்துக்கு அந்தப் பயம் நியாயமானதுதான்.

ஆனால் ரத்தப் புற்று என்பது ஒரே நோய் இல்லை. பல நோய்களுக்குப் பொதுப்பெயர். அவற்றுள் ஒன்று நாட்பட்ட மைலாய்டு லுகேமியா. டாக்டர்கள் சுருக்கமாக சி.எம்.எல். என்பார்கள். இந்த நோய் வந்தவர்கள் ஒரு காலத்தில் சராசரியாக நான்கைந்து ஆண்டுகளே வாழ்ந்தார்கள். இன்று அவர்களில் பெரும்பாலானோர் தினம் ஒரு வேளை மாத்திரை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகிறார்கள், பிள்ளைகளைப் படிக்க வைக்கிறார்கள், பேரன் பேத்தியும் பார்க்கிறார்கள். இந்த மாற்றம் எப்படி வந்தது என்று கேட்டால், பதில் ஒரு புரதத்தின் வடிவத்தில் இருக்கிறது. அந்தப் புரதத்திலும் ஒரு சிறு பகுதியில், அந்தப் பகுதியிலும் ஓர் இடுக்கில் இருக்கிறது.

"வடிவமெல்லாம் விஞ்ஞானிகள் பாடு, நமக்கெதுக்கு?" என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. 'உடம்புதான் நல்லா இருக்கே, மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்தினா என்ன?' என்ற கேள்வி இந்த நோய் உள்ள ஒவ்வொரு வீட்டிலும் ஒருநாள் எழும். அதற்குச் சரியான பதில் அந்த இடுக்கின் வடிவத்தைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

சரத்திலிருந்து சிற்பம்

முதலில் புரதம் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். பருப்பிலும் முட்டையிலும் இருப்பது என்று மட்டும்தான் நமக்குப் பழக்கம். உண்மையில் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் ஆயிரக்கணக்கான வகைப் புரதங்கள் வேலை செய்துகொண்டிருக்கின்றன. அமினோ அமிலங்கள் என்ற சிறு மூலக்கூறுகளை ஒன்றோடொன்று கோத்தால் வருவது புரதம். அமினோ அமிலங்களில் இருபது வகை உண்டு. இருபது வகைப் பூக்களை ஒரு குறிப்பிட்ட வரிசையில் தொடுத்த நீளமான சரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பூவுக்கு அடுத்து எந்தப் பூ என்ற வரிசை நம் மரபணுவில் எழுதியிருக்கிறது.

சரம் நீளமாகவே கிடந்தால் அதனால் ஒரு பயனும் இல்லை. அது தானாகவே சுருண்டு மடிந்து, ஒரு சிற்பம் போல உருவம் கொள்கிறது. அந்த உருவம்தான் அதன் வேலையைத் தீர்மானிக்கிறது. பெரிய புரதங்களில் ஒவ்வொரு பகுதியும் தனித்தனியாக மடிந்து, தனித்தனி வேலை செய்யும். அப்படித் தனக்கென்று ஓர் உருவமும் வேலையும் உள்ள பகுதியை 'டொமைன்' என்பார்கள். தமிழில் களம் என்று சொல்லலாம்.

இந்த மடிப்புக்கும் ஒரு கணக்கு உண்டு. அதை உலகத்துக்குச் சொன்னவர் சென்னையில் இருந்தார் என்பது நாம் பெருமையோடு நினைவில் வைக்க வேண்டிய செய்தி. 1963-ஆம் ஆண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். புரதச் சரத்தில் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இணைப்புகளில் திரும்ப முடியும். ஆனால் இஷ்டத்துக்குத் திரும்ப முடியாது. கூட்டமான ரயில் பெட்டியில் நிற்பவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பிவிட முடியாது, பக்கத்து ஆளின் முழங்கை இடிக்கும் அல்லவா? அதுபோல அணுக்கள் ஒன்றையொன்று இடிக்கும். இடிக்காத கோணங்கள் எவை என்று அவர்கள் ஒரு படமாகப் போட்டுக் காட்டினார்கள். 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகம் முழுவதும் அதற்குப் பெயர். இன்றைக்கும் எந்த நாட்டில் யார் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரிதானா என்று சோதிக்க அந்தப் படத்தில் வைத்துப் பார்க்கிறார்கள். நாம் பேசப்போகும் புரதமும் அந்தச் சோதனையைத் தாண்டி வந்ததுதான்.

முத்திரை குத்தும் குமாஸ்தா

நம் கதையின் நாயகன் பெயர் அப்ல். எலிகளுக்கு ரத்தப் புற்றை உண்டாக்கும் ஏபெல்சன் வைரஸை ஆராய்ந்தபோது தெரியவந்ததால் அந்தப் பெயர். எலிக்கு மட்டுமல்ல, நமக்கும் அப்ல் உண்டு. எல்லாருடைய செல்லிலும் இருக்கிறது. அது வில்லன் இல்லை, உடம்புக்குத் தேவையான ஆள்.

அப்ல் 'கைனேஸ்' என்ற இனத்தைச் சேர்ந்தது. மனித உடலில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட கைனேஸ்கள் உண்டு. அவற்றின் வேலையைப் புரிந்துகொள்ள ஓர் அரசாங்க ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். மேஜைக்கு வரும் கோப்பின் மேல் குமாஸ்தா முத்திரை குத்தினால்தான் அது அடுத்த மேஜைக்கு நகரும். செல்லுக்குள் கைனேஸ் அந்த வேலையைச் செய்கிறது. பாஸ்பேட் என்ற சிறு துணுக்கை எடுத்து மற்ற புரதங்களின் மேல் ஒட்டுகிறது. முத்திரை விழுந்த புரதம் விழித்துக்கொண்டு அடுத்த புரதத்தைத் தூண்டும். இப்படி ஒன்று மாற்றி ஒன்றாகச் செய்தி போய், கடைசியில் 'செல்லே, நீ பெருகலாம்' என்ற உத்தரவு கிடைக்கும். முத்திரைக்கு மை வேண்டுமே? ஏ.டி.பி. என்ற மூலக்கூறுதான் மை. அதிலிருந்துதான் பாஸ்பேட்டை எடுக்கிறது.

இந்த வேலையைச் செய்யும் கைனேஸ் களம் எப்படி இருக்கும்? சுமார் 270 அமினோ அமிலங்கள் சேர்ந்து, இரண்டு மடல்களாக மடிந்திருக்கும். மேல் மடல் சிறியது, பெரும்பாலும் தட்டையான பட்டைகளால் ஆனது. கீழ் மடல் பெரியது, சுருள் சுருளாக இருக்கும். இரண்டையும் கதவுக் கீல் போல ஒரு சிறு இழை இணைக்கிறது. இரண்டு மடல்களுக்கும் நடுவில் ஓர் இடுக்கு. ஏ.டி.பி. வந்து உட்காருவது அந்த இடுக்கில்தான். 1991-இல் அமெரிக்காவில் சூசன் டெய்லர் குழுவினர் முதன்முதலாக ஒரு கைனேஸின் வடிவத்தை வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு பார்த்த கைனேஸ்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருந்தன.

இடுக்கின் வாசலில் நாக்கு மாதிரி ஒரு வளையம் தொங்கும். அது விரிந்திருந்தால் குமாஸ்தா வேலையில் இருக்கிறார் என்று பொருள். மடங்கி உள்ளே போயிருந்தால் ஓய்வு. அந்த நாக்கின் அடியில் அஸ்பார்டேட், ஃபினைல்அலனின், கிளைசின் என்ற மூன்று அமினோ அமிலங்கள் வரிசையாக இருக்கின்றன. வேலை நேரத்தில் அஸ்பார்டேட் உள்நோக்கித் திரும்பி ஏ.டி.பி.யைப் பிடிக்க உதவும். அப்ல் ஓய்வில் இருக்கும்போது இந்த மூன்றும் புரண்டுகொள்ளும். ஃபினைல்அலனின் இருந்த இடம் காலியாகி, இடுக்குக்குப் பின்னால் ஒரு சின்னப் பள்ளம் திறக்கும். இந்தப் பள்ளத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஜாதிக்காய்க் கொக்கி

சாதாரண அப்ல் சும்மா சும்மா முத்திரை குத்தாது. அதைக் கட்டுப்படுத்த அதனிடமே ஒரு கொக்கி இருக்கிறது. அப்லின் ஒரு வகையில், சரத்தின் தொடக்கத்தில் மிரிஸ்டிக் அமிலம் என்ற கொழுப்பு ஒட்டியிருக்கும். ஜாதிக்காயில் நிறைய இருப்பதால், ஜாதிக்காயின் லத்தீன் பெயரிலிருந்தே இதற்குப் பெயர் வந்தது. இந்தக் கொழுப்பு வால் வளைந்து வந்து, கீழ் மடலில் உள்ள ஒரு குழிக்குள் செருகிக்கொள்ளும். அப்படிச் செருகியதும் அப்லின் வேறு இரண்டு களங்கள் முதுகுப்புறமாக வந்து கைனேஸ் களத்தை அசையவிடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சட்டைப் பித்தானைப் போட்டது போலத்தான். இந்த அமைப்பு 2003-இல் வெளியான படங்களில் தெளிவாகத் தெரிந்தது.

இப்போது நோய்க்கு வருவோம். 1960-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர், சி.எம்.எல். நோயாளிகளின் ரத்த செல்களில் ஒரு குரோமோசோம் வழக்கத்தைவிடக் குட்டையாக இருப்பதைக் கவனித்தார்கள். அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. எப்படிக் குட்டையானது? 1973-இல் சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற பெண்மணி விடை கண்டார். 9-ஆம் குரோமோசோமின் நுனியும் 22-ஆம் குரோமோசோமின் நுனியும் உடைந்து, இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தன.

உடைந்த இடம்தான் விஷயம். 9-இல் இருந்த அப்ல் மரபணு, 22-இல் இருந்த பி.சி.ஆர். என்ற வேறொரு மரபணுவோடு போய் ஒட்டிக்கொண்டது. இரண்டு புத்தகங்கள் கிழிந்து, ஒன்றின் முன்பாதியும் மற்றதன் பின்பாதியும் ஒரே அட்டைக்குள் தைக்கப்பட்டால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு கலப்புப் புரதம் செல்லில் உருவாகிறது. அதுதான் பி.சி.ஆர்.-அப்ல்.

இந்தத் தையலில் அப்லின் முன்பக்கம் போய்விட்டது. கொழுப்பு வாலும் அதோடு போயிற்று. பித்தான் அறுந்த சட்டை. அது போதாதென்று, புதிதாக வந்து ஒட்டிய பி.சி.ஆர். பகுதிக்கு ஒரு பழக்கம் உண்டு. அதன் முனையில் உள்ள சுருள்கள் ஒன்றோடொன்று பின்னி, நான்கு நான்கு புரதங்களாகச் சேர்ந்துகொள்ளும். நெருங்கி நிற்பவை ஒன்றின் மேல் ஒன்று முத்திரை குத்தி எழுப்பிவிடும். இனி அந்தக் குமாஸ்தாவுக்கு ஓய்வே இல்லை. இரவும் பகலும் முத்திரைதான். எலும்பு மஜ்ஜையில் உள்ள ஒரு தாய் செல்லில் இது நடந்தால் போதும். 'பெருகு, பெருகு' என்ற உத்தரவு நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். நமக்கு ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் 4,000 முதல் 11,000 வரை இருப்பது வழக்கம். சி.எம்.எல். நோயாளிக்கு அது ஒரு லட்சத்தையும் தாண்டுவது உண்டு. மண்ணீரல் வீங்கும். களைப்பு வரும். எடை குறையும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த உடைப்பு பிறக்கும்போது வந்தது இல்லை. வாழ்நாளில் என்றோ ஒருநாள், மஜ்ஜையில் ஒரு செல்லில் நேர்ந்தது. கருமுட்டையிலோ விந்திலோ இது கிடையாது. ஆகவே பிள்ளைகளுக்குப் போகாது. தொற்றவும் தொற்றாது. 'அந்த வீட்டில் ரத்தப் புற்று, சம்பந்தம் வேண்டாம்' என்று ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. மேலை நாடுகளில் இந்த நோய் பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதில் வருகிறது. இந்தியாவிலோ முப்பதுகளிலும் நாற்பதுகளிலும்தான் அதிகம் காணப்படுகிறது. அதாவது சம்பாதிக்கும் வயது, பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் வயது.

இடுக்கில் ஓர் ஆப்பு

ஒரே ஒரு புரதம், ஒரே ஒரு களம், ஒரே ஒரு இடுக்கு. அதை அடைத்துவிட்டால் நோய் அடங்க வேண்டும். யோசனை எளிது. ஆனால் ஐந்நூறு கைனேஸ்களுக்கும் இடுக்கு ஒரே மாதிரி. எல்லாவற்றையும் அடைத்துவிட்டால் ஆளே போய்விடுவார். அதனால் இது நடக்காத காரியம் என்று பலர் நினைத்தார்கள்.

சுவிட்சர்லாந்தில் இன்று நோவார்ட்டிஸ் என்று அழைக்கப்படும் நிறுவனத்தில் நிக்கலஸ் லைடனும் யூர்க் ஸிம்மர்மனும், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் டாக்டர் பிரையன் டிரக்கரும் விடவில்லை. பல மூலக்கூறுகளை மாற்றி மாற்றிச் செய்து பார்த்ததில் ஒன்று அப்லைப் பிடித்தது. அதுதான் இமாட்டினிப். 1998 ஜூன் மாதம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கத் தொடங்கினார்கள். பழைய மருந்து பலிக்காத நோயாளிகளில் 300 மில்லிகிராமும் அதற்கு மேலும் பெற்றவர்கள் 54 பேர். அவர்களில் 53 பேருக்கு ரத்த அணுக்களின் எண்ணிக்கை சீரானது. 2001 மே மாதம் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்துவிட்டது.

மருந்து முதலில் வந்தது. அது ஏன் அப்லைப் பிடிக்கிறது, மற்றவற்றைப் பெரும்பாலும் ஏன் விட்டுவிடுகிறது என்பதற்கான படம் பிறகுதான் வந்தது. 2000-ஆம் ஆண்டில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜான் குரியன் குழுவினர், அப்லின் கைனேஸ் களத்தை இமாட்டினிப்பின் நெருங்கிய சகோதர மூலக்கூறு ஒன்றோடு சேர்த்துப் படிகமாக்கி, அதில் எக்ஸ்ரே கதிரைச் செலுத்தி வடிவத்தைக் கண்டார்கள். குரியன் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பைத் தொடங்கி, நடுவில் அமெரிக்கா போனவர். இந்தக் கதையில் சென்னை இரண்டாம் தடவை வருகிறது.

படம் சொன்னது இதுதான். இமாட்டினிப் போய் உட்காருவது ஓய்வில் இருக்கும் அப்லில். முன்னே சொன்ன மூன்று அமினோ அமிலங்கள் புரண்டு, பின்னால் ஒரு பள்ளம் திறக்கிறதே, நீளமான இந்த மூலக்கூறு ஏ.டி.பி.யின் இடத்தில் தலையை வைத்து, அந்தப் பள்ளத்துக்குள் காலை நீட்டிக்கொள்கிறது. மருந்து தன்னைவிட அறுபது மடங்கு கனமான களத்துக்குள் ஆப்பு மாதிரி இறங்குகிறது. அதற்குப் பிறகு நாக்கு விரிய முடியாது, மை வர முடியாது, முத்திரை விழாது. வேலை செய்யும்போது கைனேஸ்கள் எல்லாம் ஒரே மாதிரி நிமிர்ந்து உட்காருகின்றன. ஓய்வெடுக்கும்போது ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சாய்கிறது. இமாட்டினிப் அந்தச் சாய்வை அடையாளம் வைத்துக்கொண்டது. முழுக் காரணம் இதைவிடச் சிக்கலானது என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டினாலும், அடிப்படை இதுவே.

பலன்? 2000-இல் தொடங்கிய பன்னாட்டு ஆய்வு ஒன்றில் முதலிலிருந்தே இமாட்டினிப் பெற்றவர்களில், பத்து ஆண்டுகளுக்குப் பிறகு சுமார் 83 சதவீதத்தினர் உயிரோடு இருந்தார்கள்.

ஓர் எழுத்து மாறினால்

அத்தோடு கதை முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருந்து வந்த அதே 2001-இல், சிலருக்கு நோய் திரும்பியது. சார்ல்ஸ் சாயர்ஸ் குழுவினர் அப்படித் திரும்பியவர்களில் ஒன்பது பேரின் செல்களைச் சோதித்தபோது, ஆறு பேரிடம் ஒரே மாற்றம் இருந்தது.

அப்லின் 315-ஆவது இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் இருக்கும். இடுக்கின் பின்பக்கத்துக்குப் போகும் வழியில் அது நிற்பதால் 'வாயில்காப்போன்' என்றே விஞ்ஞானிகள் பெயர் வைத்திருக்கிறார்கள். இமாட்டினிப்போடு அது ஒரு ஹைட்ரஜன் பிணைப்பால் கை கோத்துக்கொள்ளும். மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி, அந்த இடத்தில் ஐசோலூசின் வந்துவிட்டால், கோக்கக் கையும் இல்லை, உள்ளே போக இடமும் இல்லை. ஐசோலூசின் கொஞ்சம் பருத்த ஆள், வழியை அடைத்துக்கொண்டு நிற்கும். ஏ.டி.பி.க்கு மட்டும் இடைஞ்சல் இல்லை. முத்திரை மறுபடி விழ ஆரம்பிக்கும். 'பல்', 'கல்' இரண்டுக்கும் ஓர் எழுத்துதானே வித்தியாசம்? பொருள் எங்கேயோ போய்விடுகிறது.

எதிரி பூட்டை மாற்றினான் என்றால் சாவியை மாற்ற வேண்டியதுதான். 2006-இல் டாஸாட்டினிப்பும், 2007-இல் நிலோட்டினிப்பும் அனுமதி பெற்றன. வேறு இடங்களில் ஏற்படும் பல மாற்றங்களை இவை சமாளித்தன. 315-இல் மட்டும் தோற்றன. 2012-இல் பொனாட்டினிப் வந்தது. அதன் நடுவில் ஒரு மெல்லிய கார்பன் முப்பிணைப்பு உண்டு. குண்டான காவலாளியின் பக்கத்தில் ஒருக்களித்து நுழைவது போல, அது ஐசோலூசினை இடிக்காமல் உள்ளே போய்விடும். ஆனால் ரத்தக் குழாய்களில் அடைப்பு வரும் ஆபத்து அதற்கு உண்டு என்பதால் மிகக் கவனமாகக் கொடுக்கிறார்கள்.

2021-இல் வந்த அசிமினிப் வேறு வழியே பிடித்தது. ஏ.டி.பி. இடுக்கின் பக்கமே அது போகவில்லை. கீழ் மடலில் கொழுப்பு வாலுக்கான குழி இருக்கிறதே, நோயில் அந்த வால் அறுந்துபோனதால் சும்மா கிடக்கும் குழி, அதில் போய் உட்கார்ந்துகொண்டது. அறுந்த பித்தானுக்குப் பதில் ஊக்கு குத்தினது மாதிரி. அப்ல் மறுபடி இறுகி ஓய்வுக்குப் போகிறது. வடிவம் தெரியாமல் இப்படி ஒரு மருந்தைக் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது.

படிகம் ஏறிய நீதிமன்றம்

சென்னை மூன்றாம் தடவையும் வருகிறது. இமாட்டினிப் உப்பின் 'பீட்டா படிக' வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு நோவார்ட்டிஸ் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் மனுப் போட்டது. 2006 ஜனவரியில் அது நிராகரிக்கப்பட்டது. ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், நோயைத் தீர்க்கும் திறனில் மேம்பட்டதாக இல்லாவிட்டால் காப்புரிமை இல்லை என்கிறது இந்தியச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அந்தப் பிரிவே செல்லாது என்று நிறுவனம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளியது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்சநீதிமன்றமும் காப்புரிமை மறுத்துத் தீர்ப்புச் சொன்னது.

இரண்டு 'வடிவங்களை' இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது. பீட்டா படிகம் என்பது மாத்திரையில் உள்ள தூளில் மூலக்கூறுகள் அடுக்கியிருக்கும் விதம். அந்த அடுக்கால் தூள் நன்றாக உதிரும், ஈரம் இழுக்காது, நாள்பட இருக்கும். மாத்திரை செய்கிறவருக்கு அதெல்லாம் வசதிதான். ஆனால் வயிற்றில் கரைந்த பிறகு அடுக்கு கலைந்துவிடுகிறது. அப்லின் இடுக்குக்குள் போவது தனி மூலக்கூறு. படிகத்தின் அந்த நற்குணங்கள் நோய் தீர்க்கும் திறனைக் கூட்டுவதாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

வழக்கு நடந்த காலத்தில் நிறுவனத்தின் மருந்து மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகளின் அதே மருந்து சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். நிறுவனம் பல நோயாளிகளுக்கு இலவசமாகக் கொடுத்ததும் உண்மை. ஆனால் தினம் சாப்பிட வேண்டிய மருந்துக்குத் தர்மத்தை நம்பியிருப்பது வேறு, கடையில் போய் வாங்க முடிவது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2015-இல் இமாட்டினிப்பை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. இந்தியாவின் தேசியப் பட்டியலிலும் அது இருக்கிறது.

நம் வீட்டுக்கு என்ன சேதி?

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். உடம்பு நன்றாக இருக்கும்போது மாத்திரை எதற்கு?

இமாட்டினிப் அந்த உடைந்த குரோமோசோமைத் தைத்துவிடவில்லை. இடுக்கை அடைத்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவே. நிரந்தரமாக ஒட்டிக்கொள்வதும் இல்லை. ரத்தத்தில் அதன் அளவு சுமார் 18 மணி நேரத்தில் பாதியாகிவிடும். மாத்திரை இல்லாத நாட்களில் இடுக்கு காலி, முத்திரை மறுபடி தொடங்கும். செல்கள் பெருகும். பெருகும் ஒவ்வொரு தடவையும் மரபணு நகலெடுக்கப்படுகிறது. நகலெடுக்கும்போது அந்த 315-ஆவது இடத்துக்கான எழுத்தில் பிழை விழ வாய்ப்பு கூடுகிறது. பிழை விழுந்த செல் வளர்ந்துவிட்டால், பிறகு அதே மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாலும் கேட்காது.

லண்டனில் நடந்து 2010-இல் வெளியான ஓர் ஆய்வு இதை எண்ணிக் காட்டியது. 87 நோயாளிகளின் மருந்துக் குப்பி மூடியில் ஒரு சிப்பை வைத்து, எத்தனை தடவை திறந்தார்கள் என்று மூன்று மாதம் கணக்கெடுத்தார்கள். தர வேண்டிய மருந்தில் 90 சதவீதத்துக்கு மேல் சாப்பிட்டவர்களில் சுமார் 94 சதவீதத்தினருக்கு ஆறு ஆண்டுகளில் நல்ல பலன் எதிர்பார்க்க முடிந்தது. 90-ம் அதற்குக் குறைவும் சாப்பிட்டவர்களுக்கு அது சுமார் 28 சதவீதம்தான். 90 சதவீதம் என்றால் என்ன? முப்பது நாளில் மூன்று நாள் விடுபட்டால் கணக்கு சரி. 'பொங்கலுக்கு ஊருக்குப் போறோம், நாலு நாள்தானே' என்பது அந்தக் கோட்டைத் தாண்டிவிடும்.

ஊரைவிட்டு வந்து வாழும் நமக்கு இது இன்னும் முக்கியம். வருஷம் ஒருமுறை ரயில் ஏறுகிறோம். கல்யாணம், காதுகுத்து, குலதெய்வம் என்று ஒரு மாதம் ஓடிவிடும். இங்கே பழகிய மருந்துக்கடையில் கிடைப்பது நம் கிராமத்துக் கடையில் கிடைக்காது. ஆகவே பயணத்துக்கு வேண்டிய நாட்களோடு ஒரு வாரத்துக்குக் கூடுதலாக மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள். மருந்துச் சீட்டின் நகல் ஒன்றும் உடன் இருக்கட்டும். இமாட்டினிப்பைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீருடன் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றைப் புரட்டும். ஊரில் யாரோ சொன்ன லேகியமோ சூரணமோ சாப்பிடுவதற்கு முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சில பொருள்கள் இந்த மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றியோ இறக்கியோ விடும். குழந்தை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே டாக்டரிடம் பேசித் திட்டமிட வேண்டும்.

ரத்த அணு எண்ணிக்கை சரியாக இருப்பது மட்டும் போதாது. பி.சி.ஆர்.-அப்ல் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் மரபணுச் சோதனை தொடக்கத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தேவை. மூன்றாம் மாதத்தில் 10 சதவீதத்துக்கும், ஆறாம் மாதத்தில் 1 சதவீதத்துக்கும், ஓராண்டில் 0.1 சதவீதத்துக்கும் கீழே இறங்க வேண்டும் என்பது பொது அளவுகோல். இறங்காவிட்டாலோ, இறங்கியது ஏறினாலோ, முதலில் மாத்திரை விடாமல் சாப்பிட்டோமா என்று பார்ப்பார்கள். பிறகு கைனேஸ் களத்தில் எந்த எழுத்து மாறியிருக்கிறது என்று சோதிப்பார்கள். எந்தப் புது மருந்து என்பதை அந்த எழுத்துதான் முடிவுசெய்யும்.

மாத்திரையை நிறுத்தவே முடியாதா? பல ஆண்டுகள் மிக நல்ல பலன் கண்ட சிலருக்கு டாக்டர்கள் நிறுத்திப் பார்க்கிறார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் தலைகாட்டுகிறது. அடிக்கடி சோதனை செய்து உடனே கண்டுபிடித்து மருந்தைத் தொடங்குவதால் பெரும்பாலும் மறுபடி அடங்கிவிடுகிறது. ஆனால் இது டாக்டர் கண்ணெதிரே நடக்க வேண்டிய காரியம். நாமாகக் காலண்டரைப் பார்த்து முடிவெடுக்கும் விஷயம் இல்லை.

நம் சங்கத்துக் குடும்பங்களில் யாருக்காவது இந்த நோய் என்று தெரியவந்தால், குரலைத் தாழ்த்திப் பேச வேண்டிய அவசியம் இல்லை. 'சோதனை எப்போ? மாத்திரை கைவசம் இருக்கா?' என்று சாதாரணமாகக் கேளுங்கள். ஊருக்குப் போகிறவர் கையில் மாத்திரைப் பொட்டலத்தைக் கொடுத்தனுப்பும் உதவியைச் செய்யுங்கள். அந்தச் சின்ன இடுக்கு ஒருநாளும் காலியாக இருக்கக் கூடாது என்பதுதான் இத்தனை வடிவ ஆராய்ச்சியும் நமக்குச் சொல்லும் நடைமுறைப் பாடம்.